குருவியை வெட்டிய கை

எனக்கு வாய் நீளம். இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் அதைத்தான் சொல்வார்கள். அப்புறம்தான், இந்த ஆர்டிஸ், பைக் சீட்டுக்குத் தோலில் பூவேலை செய்கிறவள் என்பார்கள். வாய் இருந்தால் வங்காளம் போகலாம் என்று ஒரு பேச்சு உண்டு. நான் இந்த வாயை வைத்துக்கொண்டு இருபத்தாறு வருஷம் முரட்டு ஆண்களோடு மல்லுக்கட்டித் தொழில் பண்ணினவள். அந்த வாய் போன ஆகஸ்டில், ஒரு வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு என்ன செய்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் இருந்தால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது.

கீச்சான்கள் என்று எங்கள் பக்கம் ஒரு பைக் கிளப். முள்கம்பியில் உட்கார்ந்திருக்கும் கீச்சான் குருவிதான் அவர்கள் சின்னம். பார்க்க உள்ளங்கை அளவுதான் இருக்கும் அந்தக் குருவி. பிடித்த வெட்டுக்கிளியையும் சுண்டெலியையும் முள்ளில் குத்தித் தொங்கவிட்டு, அப்புறம் நிதானமாகத் தின்கிற ஜாதி. கிளப்பில் இருப்பவனின் தோல் ஜாக்கெட் முதுகில் மட்டும்தான் அது இருக்கலாம். வேறு எவனும் அதைப் பச்சை குத்திக்கொள்ள முடியாது, டேங்கில் வரைந்துகொள்ள முடியாது. சீட்டில் போடவேண்டுமென்றால் கிளப் தலைவர் நேரில் வந்து, "இன்னாருக்குப் போடுங்க" என்று என்னிடம் சொல்லவேண்டும். பின்னால் அவனைக் கிளப்பைவிட்டு அனுப்பினால் தகவல் வரும், நான் சீட்டை வாங்கித் தலைவர் கையில் ஒப்படைக்கவேண்டும். குருவியின் மேல் யாரும் உட்காரவும் கூடாது. அதனால் சீட்டின் பின்பக்கம் முதுகு போல உயரும் இடத்தில்தான் போடுவேன். இப்படிப் பதினோரு குருவி போட்டிருக்கிறேன். ஒன்றிலும் வழக்கம் மீறியதில்லை.

பன்னிரண்டாவது ராய்ஸ் பெண்டருக்கு.

அதற்கு முந்தின நவம்பரில் சீட்டின் இரும்புத் தகட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தான். பத்தொன்பது வருஷம் முதுகில் குருவியைச் சுமந்தவன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் என் புருஷன் க்ளென் செத்த குளிர்காலத்தில், நான் கேட்காமலே தினம் விடியும்போது பனி தள்ளும் வண்டியைக் கொண்டுவந்து என் வாசல் பனியைத் தள்ளிவிட்டுப் போனவன். ஒருநாள்கூடக் காபிக்கு உள்ளே வரவில்லை.

"டெல்மர்கிட்ட சொல்லிட்டியாடா?" என்று கேட்டேன். டெல்மர் ஸ்ட்ரவுட்தான் தலைவர்.

"அவரு நெஞ்சு ஆபரேஷன் ஆகிப் படுத்திருக்காரு. எழுந்ததும் அவரே கூப்பிடுவாரு. நீ ஆரம்பி, ஆர்டிஸ். அடுத்த ஆகஸ்ட் பைக் ராலிக்குள்ள வேணும்."

காத்திருந்திருக்க வேண்டும். அந்தப் பனியை நினைத்துக்கொண்டு சரி என்றேன். வேலியில் போன ஓணானை நானே எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன்.

வரிசையில் இருந்த வேலையெல்லாம் முடித்து ஜூனில்தான் அவன் தோலை எடுத்தேன். முப்பத்தொரு மணி நேரம் பிடித்தது. தோலை நனைத்து, ஈரம் பாதி போகும்வரை பொறுத்து, சின்னச் சுழல் கத்தியால் கோடு கீறி, கொட்டாப்புளியால் அச்சுகளைத் தட்டித் தட்டி இறக்கினேன். ஒவ்வொரு இறகும் தனியாக நின்றது. கண்ணில் ஒரு அதட்டல் இருந்தது. என் தங்கை வெர்னா பக்கத்து அறையில் தையல் மெஷினில் உட்கார்கிறவள், சாமானியத்தில் எதையும் பாராட்ட மாட்டாள். அவளே வந்து பார்த்துவிட்டு, "கொத்திடும் போலிருக்கேக்கா" என்றாள். டெல்மரிடமிருந்து போன் வரவில்லை என்பது இடையிடையே உறுத்தியது. வேலை நன்றாக வந்துகொண்டிருந்ததில் உறுத்தலைத் தள்ளிவைத்தேன்.

ராலிக்கு முந்தின வாரம் செவ்வாய்க்கிழமை டெல்மர் வந்தார். பின்னால் கிப் என்கிற தடியன், கதவை அடைத்துக்கொண்டு நின்றான். சீட்டுக்கு மெருகுப் பூச்சு முடித்து, காய்வதற்காகப் பின்பக்க மேசையில் பழைய துணி போட்டு மூடி வைத்திருந்தேன். ஆறடி தூரம்கூட இருக்காது.

"காபி இருக்குமாம்மா?" என்றார் டெல்மர். எப்போதும் மரியாதைதான். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். "ராய்ஸ் இங்க வர்றதுண்டா?"

"எல்லாரும்தான் வர்றாங்க. இது என்ன கோயிலா, செருப்பைக் கழட்டிட்டு வான்னு சொல்ல?"

அவர் சிரிக்கவில்லை. "பிப்ரவரியில அவனை அனுப்பிட்டோம். கெட்ட பேரோட."

"எதுக்கு?"

"அது உங்களுக்கு வேண்டாம்மா. தெரிஞ்சுக்கிட்டா சுமக்கணும்." காபியை ஊதிக் குடித்தார். "அவன் ஜாக்கெட்லேர்ந்து குருவியை ஊசியால ஒவ்வொரு தையலா பிரிச்சோம். ரெண்டு மணி நேரம் ஆச்சு. அப்புறம் முற்றத்துல வெச்சு எரிச்சோம். குருவி மேல எவனும் கத்தி வைக்கக் கூடாது."

"அப்ப நான் எதால செதுக்கறேனாம்? கரண்டியாலயா?"

"உயிர் குடுக்கற கத்தி வேற. கிழிக்கற கத்தி வேற." என் சுழல் கத்தியை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார். "போன வருஷம் ஒருத்தன் கோவத்துல கிழிச்சான். இப்ப அவனுக்கு ஷூ லேஸ் கட்ட பொண்டாட்டி வேணும். இல்ல கிப்?"

"சட்டை பட்டன் போடவும்," என்றான் கிப்.

கையைக் கொண்டுபோய் ஏப்ரன் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

"ராய்ஸ் உங்ககிட்ட எதாவது வேலை குடுத்திருக்கானா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். 'தெரியாமப் பண்ணிட்டேன், இந்தாங்க' என்று துணியை இழுத்திருந்தால் எடுத்துக்கொண்டுபோய் எரித்திருப்பார். அவரைக் கேட்காமல் ஆரம்பித்தது என் தப்பு. அந்தத் தப்பை அவர் கண்ணைப் பார்த்துச் சொல்லப் பயம். ராய்ஸுக்கு என்ன ஆகுமோ என்றும் பயம். இரண்டும் சேர்ந்து நாக்கைத் தள்ளியது.

"இல்லையே," என்றேன்.

"சரிம்மா," என்றார். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

அவர்கள் பைக் சத்தம் அடங்கியதும் வெர்னா தையல் அறையிலிருந்து ஓடிவந்தாள். முகம் வெளுத்திருந்தது. "இல்லன்னு சொல்லிட்டியேக்கா! கண்ணெதிர்ல வெச்சுக்கிட்டு!"

"எனக்குத் தெரியும், நீ கத்தாதே."

"ஷெரீஃபுக்குப் போன் பண்ணு."

"என்னன்னு சொல்ல? ஒருத்தர் வந்து காபி குடிச்சிட்டுக் கோப்பையைக் கழுவி வெச்சிட்டுப் போனாருன்னா?"

அன்று சாயங்காலம் வரை அந்தக் குருவியை அழிக்கப் பார்த்தேன். தோலில் ஒருமுறை கீறினால் கீறினதுதான். ஈரமாக இருந்தால் தட்டித் தட்டி வேறொன்றாகவாவது மாற்றலாம். மெருகு போட்ட தோலில் தண்ணீர் முத்து முத்தாக நின்று உருண்டு ஓடியது. கறுப்புச் சாயம் பூசினேன். சாயம் பள்ளத்தில் இறங்கி, இறகெல்லாம் இன்னும் எடுப்பாகத் தெரிந்தது.

"அடுப்புல போடு," என்றாள் வெர்னா. "எரிச்சிடு. அவங்களும் அதைத்தானே செய்யறாங்க."

புத்தியுள்ள பேச்சு. விறகடுப்பு வரை தூக்கிக்கொண்டு போனேன். கதவைத் திறந்தும் விட்டேன். போட மனசு வரவில்லை. அந்த மாதிரி ஒன்றை இனி என்னால் செதுக்க முடியுமா என்று தோன்றியது. இவ்வளவு பயத்திலும் அந்தத் திமிர் போகவில்லை பாருங்கள். திரும்பக் கொண்டுவந்து துணியைப் போட்டு மூடினேன்.

ராய்ஸிடம் போன் கிடையாது. அவன் அக்கா வீட்டுக்குக் கூப்பிட்டு, "சீட்டு ஆகலே, இந்தப் பக்கமே தலை காட்டாதேன்னு சொல்லுங்க" என்றேன். சொல்கிறேன் என்றாள். சொன்னாளோ இல்லையோ. புதன்கிழமை முழுவதும் ராலிக்கு வருகிறவர்கள் பைக் கூட்டம் கூட்டமாகப் போனது. ஒவ்வொரு சத்தத்துக்கும் ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தேன். வெர்னா இரண்டு தடவை ஊசியில் விரலைக் கொடுத்துக்கொண்டாள்.

வியாழன் பத்து மணிக்கு ராய்ஸ் வந்துவிட்டான். அதுவும் மெயின் ரோடு வழியாக, எல்லாரும் பார்க்க.

"முட்டாளாடா நீ? வராதேன்னு சொல்லியனுப்பினேனே!"

"சீட்டு ஆயிடுச்சுன்னு அதுலயே தெரிஞ்சுபோச்சு," என்று சிரித்தான். மெலிந்திருந்தான். கை இல்லாத சட்டைமேல் ஜாக்கெட் இல்லாமல் அவனைப் பார்க்க, உரித்த கோழி மாதிரி இருந்தது. நேராகப் போய்த் துணியை விலக்கினான். அப்படியே நின்றுவிட்டான். கறுப்புக்குள்ளிருந்து குருவி அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"முதுகுலேர்ந்து எடுத்துட்டாங்க, ஆர்டிஸ்," என்றான். "பத்தொம்பது வருஷம். குளிக்கும்போதுகூட அங்கே கை போகுது. பின்னால இருந்தாப் போதும், நான் பார்க்கக்கூட வேண்டாம், இருக்குதுன்னு தெரிஞ்சாப் போதும்."

"உன்னைக் கொன்னுடுவாங்கடா. டெல்மர் செவ்வாய்க்கிழமை வந்தாரு. நான் இல்லன்னு சொல்லிட்டேன்."

அவன் முகம் மாறியது. "நீ பொய் சொன்னியா? அவருகிட்டயா?"

"உனக்காகத்தான்! எனக்காகவும்தான். விடு, அடுப்புல போட்டுடலாம், வா."

"தர மாட்டேன்." சீட்டைப் பிள்ளையைப்போல மார்போடு அணைத்துக்கொண்டான். இழுத்தேன். அவன் விடவில்லை. ஐம்பத்தெட்டு வயதுக்காரியும் அறுபது வயதுக்காரனும் ஒரு தோல் சீட்டுக்காக இழுபறி. வெர்னா வாசலில் நின்று, "ரெண்டு பேருக்கும் பைத்தியமா!" என்று அழுதாள்.

அப்போது ரோட்டு மேட்டில் பைக் சத்தம் கேட்டது. ராலிக் கூட்டம் போகிற சத்தமில்லை. நாலு வண்டி, மெதுவாக, ஒரே சீராக வந்தது. எங்கள் வாசல் சரளைக்கல்லில் திரும்பியது.

இது குருவியாக இருக்கக் கூடாது, குருவியாக இல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது, அது மட்டும்தான் மண்டையில். தோல் வெட்டும் பிறைக் கத்தியை எடுத்தேன். அவன் கையில் இருக்கும்போதே குருவியின் கழுத்திலிருந்து வால் வரை ஒரே இழுப்பாக இழுத்தேன். தோல் பிளந்து உள்ளே மஞ்சள் ஸ்பாஞ்ச் தெரிந்தது.

ராய்ஸ் சத்தம் போடவில்லை. கிசுகிசுத்தான். "என்னடி பண்ணிட்டே? எரிக்கத்தானே சொன்னே? கத்தியை வெச்சிட்டியே!"

ஆத்திரக்காரிக்குப் புத்தி மட்டு. டெல்மர் சொன்னது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. ஷூ லேஸ். சட்டை பட்டன். கத்தி இன்னும் என் வலது கையில்தான் இருந்தது. ராய்ஸ் அதைப் பிடுங்கி, சீட்டை மேசையில் போட்டு, பக்கத்தில் நின்றான். கதவு திறந்தது.

டெல்மர், கிப், இன்னும் இரண்டு பேர். டெல்மர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மேசைக்கு வந்தார். வெகுநேரம் பார்த்தார். கிழிந்த இரண்டு பக்கத்தையும் விரலால் சேர்த்துவைத்துப் பார்த்தார், காயத்தைப் பார்க்கிற மாதிரி.

"செவ்வாய்க்கிழமை இல்லைன்னு சொன்னீங்களேம்மா."

ராய்ஸ்தான் பேசினான். "நான்தான் மிரட்டி வெச்சிருந்தேன். வாயைத் தொறந்தா கடையைக் கொளுத்திடுவேன்னு சொன்னேன். நீங்க சம்மதிச்சதா பொய் சொல்லித்தான் வேலையும் குடுத்தேன். அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

டெல்மர் என்னைப் பார்த்தார். "அப்படியா?"

"ஆமாம்," என்றேன்.

எவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா அந்த வார்த்தை! தும்மல் வருகிற மாதிரி வந்தது.

"வெட்டினது யாரு?"

வெர்னா வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தாள். ராய்ஸ் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நான்," என்றான். "தர மாட்டேன்னு அவ பிடிச்சு இழுத்தா. எனக்கு இல்லாதது இருந்து எதுக்குன்னு கிழிச்சேன்."

"எந்தக் கையால?"

ராய்ஸ் கத்தியிருந்த வலது கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டினான்.

டெல்மர் மறுபடியும் என்னைக் கேட்டார். அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அப்படி ஒரே இழுப்பில் தோலைக் கிழிக்க இந்த மாவட்டத்தில் யாருக்கு வரும்? தெரிந்துதான் கேட்டார். "நீங்க பார்த்தீங்களா? இவன்தானா?"

"ஆமாம்," என்றேன். இரண்டாவது தடவை.

"சரிம்மா. உங்க வார்த்தை போதும்." சீட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டார். ராய்ஸ் கத்தியை மேசையில் வைத்துவிட்டு, அவர்களுக்கு முன்னால் நடந்து போனான். யாரும் அவனைத் தொடக்கூட இல்லை.

வெர்னா என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "போக்கா! ரோட்டுக்கு அந்தப் பக்கம் பங்க்ல நிக்கிறாங்க, பெட்ரோல் போடறாங்க. போய்ச் சொல்லு! நான் ஷெரீஃபைக் கூப்பிடறேன், நீ ஓடு!"

கம்பிவலைக் கதவு வரை போனேன். பங்க் எங்கள் வாசலிலிருந்து நாற்பது தப்படி. கிப் பெட்ரோல் போட்டுக்கொண்டிருந்தான். ராய்ஸ் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான், சும்மா, பஸ்ஸுக்கு நிற்கிறவன் மாதிரி. நாலு வண்டிக்கும் போட நாலு நிமிஷம் ஆகியிருக்கும். நான்தான் வெட்டினேன் என்று கத்தியிருந்தாலே கேட்டிருக்கும். என் வாய்தான் ஊர் அறிந்த வாயாயிற்றே. கதவின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்கள் கிளம்பினார்கள். நடுவில் ராய்ஸின் வண்டி.

ஷெரீஃபின் ஆள் ஒன்றேகால் மணி நேரம் கழித்து வந்தார். ராய்ஸ் மறுநாள் ராபிட் சிட்டி ஆஸ்பத்திரியில் வலது கை நொறுங்கிக் கிடந்தான், பைக்கிலிருந்து விழுந்ததாக எழுதிக் கொடுத்திருந்தான். மாற்றிச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

அக்டோபரில் ஒரு காலை, அக்கா காரில் வந்து இறங்கினான். வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அசைகின்றன. மற்ற மூன்றும் குச்சி மாதிரி நிற்கின்றன. இனி பைக்கின் ஆக்ஸிலேட்டரை முறுக்க முடியாது. பதினோரு வருஷத்தில் முதல் முறையாகக் காபிக்கு உள்ளே வந்தான். நான் அழுதேன். மூக்கைச் சிந்திச் சிந்தி அசிங்கமாக அழுதேன்.

"போதும் நிறுத்து," என்றான். "நீ கையால பொழைக்கிறவ. நான் உக்காந்து பொழைக்கிறவன். உக்கார கை எதுக்கு? அதுக்கு வேற இடம் இருக்கு."

வெர்னா அழுதுகொண்டே சிரித்துவிட்டாள்.

"பங்க்ல நிக்கும்போது உன்னைப் பார்த்தேன்," என்றான் கொஞ்சம் கழித்து. "கதவுக்குப் பின்னால. எங்கே வந்து சொல்லித் தொலைச்சிடுவியோன்னு பயந்துட்டேன். நல்லவேளை, என்னையே பார்த்துக்கிட்டு நின்னுட்டே."

நான் அவனைப் பார்க்கவில்லை. முதல் பார்வைக்கு அப்புறம் ஒருதரம்கூடப் பார்க்கவில்லை. அந்த நாலு நிமிஷமும் கைப்பிடியில் இருந்த என் வலது கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து விரலையும் ஒவ்வொன்றாக மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். மேட்டில் ஒரு பைக் சத்தம் கேட்டது. அது எங்கள் வாசலைத் தாண்டி, பங்க்கைத் தாண்டி, தேய்ந்து மறையும்வரை மூன்று பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தோம்.

"சர்க்கரை போடலியே," என்றான் ராய்ஸ்.

போட்டு, நானே கலக்கிக் கொடுத்தேன்.